தரை எங்கே இருக்கிறது? விஆரில் செஸ்னாவை இறக்கப் பழகுவோருக்கு

மதுரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பகலில் அடுத்தவர் கண்ணை அளப்பேன். ராத்திரி கடை சாத்திய பிறகு விஆர் ஹெட்செட்டை, அதாவது இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் முகக்கருவியை, மாட்டிக்கொண்டு மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டுவேன். இந்த இரண்டாவது விஷயம் எப்படியோ வெளியே தெரிந்துபோய், கண்ணாடி போட வரும் பையன்கள் அதைப் பற்றியும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அண்ணே, மானிட்டர்ல நல்லா இறக்கிட்டிருந்தேன். விஆர்ல தரை எங்க இருக்குன்னே பிடிபடல. ஒண்ணு மேலயே மிதந்துட்டுப் போகுது, இல்லேன்னா தொப்புன்னு விழுது. ஐபிடிய மாத்தி மாத்திப் பாத்துட்டேன். என் கண்ணுல ஏதும் கோளாறாண்ணே?"

பெரும்பாலும் கண்ணில் கோளாறு இருக்காது. ஐபிடியை, அதாவது ஹெட்செட்டில் வைக்கும் கண் இடைவெளி அளவை, மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் கோளாறு. இரு கண்களின் இடைவெளியைச் சரியாக வைத்துவிட்டால் தரையின் உயரம் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது நடக்காது. காக்பிட்டுக்குள் ஆழம் காட்டுவது இரண்டு கண்களின் வேலை. ஜன்னலுக்கு வெளியே அந்த வேலையை ஒற்றைக் கண்ணே செய்துவிடும், ஆனால் அதற்குப் பழக்க வேண்டும். இந்தப் பிரிவினை புரிந்தால் எதை ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடலாம், எதை நாள்தோறும் பழக வேண்டும் என்பது விளங்கிவிடும்.

இரண்டு கண் எதுவரை

பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மி.மீ. தூரம் இருக்கும். அதனால் இடது கண்ணுக்குக் கிடைக்கும் படமும் வலது கண்ணுக்குக் கிடைப்பதும் கொஞ்சம் வேறுபடும். மூளை அந்த வேறுபாட்டை ஆழமாக மாற்றிக்கொள்கிறது. இதை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் தன் ஸ்டீரியோஸ்கோப்பை வைத்துக் காட்டினார். இன்றைய ஹெட்செட்டும் அடிப்படையில் அதே கருவிதான்.

இந்த வித்தை எவ்வளவு தூரம் செல்லும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முகத்திலிருந்து 70 செ.மீ. தள்ளி இருக்கும் கருவிப் பலகையைப் பார்க்கும்போது இரண்டு கண்களின் பார்வைக் கோடுகளும் 5 டிகிரிக்கு மேல் உள்நோக்கிச் சாய்கின்றன. 6 மீட்டரில் உள்ள ஒன்றைப் பார்த்தால் சாய்வு 0.6 டிகிரிதான். 90 மீட்டருக்குப் போனால் 0.04 டிகிரி. குவெஸ்ட் 3 ஹெட்செட் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 25 பிக்சல் காட்டுகிறது, அதாவது ஒரு பிக்சல் 0.04 டிகிரி. ஆக, 90 மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதுவும், நூறு மீட்டரோ நூறு கிலோமீட்டரோ, இரு கண்ணுக்கும் ஒரு பிக்சல் கூட வித்தியாசம் இல்லாத படமாகத்தான் வருகிறது. நிஜ உலகில் நல்ல கண்கள் சில நூறு மீட்டர் வரை இந்த வேறுபாட்டைப் பிடித்துவிடும். ஹெட்செட்டில் அது முன்கூட்டியே தீர்ந்துபோகிறது.

சரி, இறங்கும்போது நீங்கள் பார்ப்பது எங்கே? அப்ரோச்சில், அதாவது ரன்வேயை நோக்கி இறங்கி வரும்போது, ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் ரன்வேயை. ஃபிளேரில், அதாவது தரையைத் தொடுமுன் மூக்கைத் தூக்கி இறக்கத்தைக் குறைக்கும்போது, ரன்வேயின் மறுகோடியை. இரண்டுமே அந்த 90 மீட்டருக்கு வெகு அப்பால்.

நம்பிக்கை வராதவர்களுக்கு அமெரிக்க விமானி வைலி போஸ்டைச் சொல்வேன். 1926-இல் எண்ணெய் வயலில் நடந்த விபத்தில் இடது கண்ணை இழந்தவர். விமானம் ஓட்டக் கற்றது அதற்குப் பிறகு. 1933 ஜூலையில் தன் லாக்ஹீட் வேகா விமானத்தில் உலகைத் தனியாகச் சுற்றி வந்த முதல் ஆள் அவர்தான். வழியில் அத்தனை இடங்களிலும் ஒற்றைக் கண்ணை வைத்துத்தானே இறங்கியிருக்கிறார்? இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க விமானப் படைக்காக விமானிகளின் பார்வையை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சனும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். தரைப் பரப்பின் மணல் மணலான தோற்றம், நகரும்போது அது ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் விரிந்து வழியும் விதம், இவற்றைக் கொண்டுதான் விமானி தரையை அளக்கிறார் என்றார்.

முதலில் ஸ்கேலை எடுங்கள்

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஐபிடியை அளக்கவும் சொல்கிறேனே என்று கேட்கலாம். அளவு தப்பினால் படம் மங்கும், கண் தசை இழுபடும், அரை மணியில் தலைவலி வரும், காக்பிட் அளவு மாறித் தெரியும். அதனால் அளக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே முறை.

எங்கள் கடையில் இந்தக் கண் இடைவெளியைப் பிடி (PD) என்போம். அதை அளக்கும் பியூப்பிலோமீட்டர் கருவி இருக்கும் எந்தக் கடையிலும் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். தூரப் பிடி என்று கேட்டு வாங்குங்கள். கிட்டப் பிடி என்று இன்னொன்று இருக்கிறது, படிக்கும் கண்ணாடிக்கானது. அது 3 மி.மீ. போலக் குறைவாக இருக்கும். அதை ஹெட்செட்டில் வைத்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே எடுக்க வேண்டுமென்றால் மி.மீ. கோடு போட்ட ஸ்கேலும் கண்ணாடியும் போதும். முகம் பார்க்கும் கண்ணாடி முன் ஒரு ஜாண் தள்ளி நின்று, ஸ்கேலைப் புருவத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் அதே இடது கண்ணின் பிம்பத்தைப் பார்த்து, கண்மணியின் நடுவுக்கு நேரே சுழியத்தை வையுங்கள். தலையும் ஸ்கேலும் அசையாமல் இடது கண்ணை மூடி வலதைத் திறந்து, வலது கண்மணிக்கு நேரே என்ன எண் என்று படியுங்கள். ஒவ்வொரு கண்ணும் தன் பிம்பத்தை மட்டும் நேராகப் பார்ப்பதால் பார்வைக் கோடுகள் இணையாக நிற்கின்றன, எனவே கிடைப்பது தூரப் பிடிதான். மூன்று முறை எடுத்து நடுவில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

குவெஸ்ட் 3-இல் அடியில் இருக்கும் சிறு சக்கரத்தைத் திருப்பினால் மி.மீ. கணக்கு திரையிலேயே தெரியும். குவெஸ்ட் 2, 3எஸ் இரண்டிலும் 58, 63, 68 என்று மூன்று நிலைகள்தான். உங்கள் அளவு 65 அல்லது 66 என்றால் இரண்டையும் போட்டுப் பார்த்து, கருவி எழுத்து எதில் தெளிவோ அதை வையுங்கள்.

கண்ணாடி போடுபவர்களுக்கு என் தொழில் சார்ந்து இரண்டு வார்த்தை. ஹெட்செட்டின் திரை கண்ணுக்கு முன்னே விரற்கடை தூரத்தில் இருந்தாலும், லென்ஸ் அதை ஒன்று, இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதாகக் காட்டுகிறது. ஆகவே வேண்டியது தூரப் பார்வை பவர். நாற்பது தாண்டியவர்கள் படிக்கும் கண்ணாடியை உள்ளே போட வேண்டாம். புரோகிரசிவ் கண்ணாடியும் வேண்டாம், ஏனென்றால் கீழ்ப்பாதியில் இருக்கும் கிட்டப் பவர் சரியாகக் கருவிப் பலகையின் மேல் வந்து உட்காரும், ஆல்டிமீட்டர் மங்கும். சிலிண்டர் பவர் உள்ளவர்கள் "கொஞ்சந்தானே" என்று விட்டுவிடக் கூடாது. 0.75 இருந்தாலே எண்கள் நிழலடிக்கும். ஒற்றைப் பவரில் சிறிய ஃபிரேம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஹெட்செட்டுக்குள் பொருத்தும் லென்ஸ் வாங்குங்கள். பின்னது நல்லது. கண் லென்ஸுக்கு நெருக்கமாகப் போவதால் பார்வைப் பரப்பு கூடும், ஹெட்செட் லென்ஸில் கீறலும் விழாது.

சின்ன வயதில் மாறுகண் இருந்தவர்கள், ஒரு கண் சோம்பிப் போனவர்கள் ஒரு முறை டிட்மஸ் ஈ சோதனை செய்துகொள்ளலாம். போலராய்டு கண்ணாடி போட்டு ஒரு பெரிய ஈயின் படத்தைப் பார்க்கச் சொல்வார்கள். இறக்கை மேலே தூக்கி நிற்பதாகத் தெரிந்து அதைக் காற்றில் கிள்ளப் போனால் ஸ்டீரியோ, அதாவது இரு கண்ணால் ஆழம் காணும் திறன், இருக்கிறது. தட்டையாகத் தெரிந்தால் இல்லை. இல்லையென்றாலும் செஸ்னாவை இறக்கலாம். வைலி போஸ்ட் இறக்கினார்.

காக்பிட்டை நிஜ அளவுக்குக் கொண்டுவருவது

ஹெட்செட் ஐபிடி ஒன்று, சிமுலேட்டருக்குள் இருக்கும் இரண்டு கற்பனைக் கேமராக்களின் இடைவெளி இன்னொன்று. கேமரா இடைவெளி உங்கள் கண் இடைவெளியைவிட அதிகமானால் உலகம் சுருங்கிவிடும், கொலுவில் வைத்த விமானத்துக்குள் உட்கார்ந்தது போல இருக்கும். குறைந்தால் எல்லாம் பூதாகரமாகத் தெரியும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இதற்கு வேர்ல்டு ஸ்கேல் என்றும், டிசிஎஸ் என்ற போர்விமான சிமுலேட்டரில் ஃபோர்ஸ் ஐபிடி என்றும் ஒரு அமைப்பு உண்டு. டிசிஎஸ்ஸில் எண்ணைக் கூட்டினால் உலகம் சின்னதாகும். பலரும் தலைகீழாக நினைத்துக்கொள்வது இங்கேதான்.

சரிபார்க்கும் முறை இது. செஸ்னா 172-இல் பழைய வட்டக் கருவிகள் உள்ள மாடலை எடுங்கள். வேகமானி, ஆல்டிமீட்டர் எல்லாம் பலகையில் 3⅛ அங்குலத் துளையில், அதாவது 8 செ.மீ. அளவில் பொருந்துபவை. கட்டைவிரலை விட்டுவிட்டு அளந்தால் பெரியவர்களின் உள்ளங்கை அகலம் ஏறக்குறைய அதே அளவு. உங்கள் கையை ஸ்கேலில் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெட்செட்டுக்குள் ஆல்டிமீட்டரைப் பார்த்துவிட்டு, மூக்கோரம் தெரியும் சந்து வழியாகக் கையைப் பாருங்கள். ஒன்றுபோல இருக்க வேண்டும். மேசையில் யோக், அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடி, பொருத்தியிருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். கண்ணால் திரையில் உள்ள யோக்கைப் பார்த்தபடி கையை நீட்டினால் நிஜ யோக் அங்கே கிடைக்க வேண்டும். முதலில் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள். அதற்கும் சேராவிட்டால் மட்டும் வேர்ல்டு ஸ்கேலைத் தொடுங்கள்.

அடுத்தது கண் உயரம். இதற்கு யாரும் உரிய மரியாதை தருவதில்லை. இருக்கையில் 10 செ.மீ. தாழ்ந்து உட்கார்ந்தால் எஞ்சின் மூடி ரன்வேயை அதிகம் மறைக்கும், நேற்றுப் பழகிய படம் இன்று வேறாக இருக்கும். பறக்கும் தோரணையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகு கேமராவை ரீசெட் செய்யுங்கள். அதற்கென்று யோக்கில் ஒரு பொத்தானை ஒதுக்கிவிடுங்கள். நேர்மட்டமாகப் பறக்கும்போது எஞ்சின் மூடிக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்து மனதில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே விரல் கணக்கு வர வேண்டும். நான் நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் பெருக்கும்போது நாற்காலி நகரும், டேப் நகராது.

படத்தில் எதற்குச் செலவழிப்பது

கிராஃபிக்ஸ் கார்டின் சக்தியில் பாதியை எல்லாரும் மேகத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மேகம் அழகுதான், ஆனால் இறங்க உதவாது. உயரம் தெரிய வேண்டுமானால் தார்ப் பரப்பு தெரிய வேண்டும். ஃபிளேரில் நீங்கள் ரன்வேயை மிக மிகத் தாழ்வான கோணத்தில், ஒன்றிரண்டு டிகிரியில், பார்க்கிறீர்கள். அந்தக் கோணத்தில் தாரின் சொரசொரப்பும் டயர் தடங்களும் கரைந்து கூழாகாமல் காப்பாற்றுவது அனிசோட்ரோபிக் ஃபில்டரிங். அதை 16எக்ஸில் வையுங்கள். இன்றைய கார்டுகளுக்கு அது பெரிய சுமையே அல்ல. மேகத்தை ஒரு படி, இரண்டு படி இறக்கி, டெக்ஸ்சர் தரத்தை உயர்த்துங்கள். ரன்வே ஓரத்துப் புல்லையும் முழுசாக அணைத்துவிடாதீர்கள். கடைக்கண்ணில் விரைந்து ஓடும் புல்தான் வேகத்தையும் உயரத்தையும் சொல்கிறது.

நிழல் அவசியம். மாலை நாலு, நாலரை மணிக்கு நேரத்தை வைத்து, சூரியன் பக்கவாட்டில் இருக்கும் ரன்வேயில் இறங்கிப் பாருங்கள். உங்கள் விமானத்தின் நிழல் ஓரத்திலிருந்து சக்கரத்தை நோக்கி ஓடி வரும். நிழலும் சக்கரமும் சந்திக்கும் இடம்தான் தரை. பழகும் காலத்தில் இதைவிட நல்ல உதவி கிடையாது. நடுப்பகலில் பழகுபவர்கள் இந்த இலவச அளவுகோலை இழக்கிறார்கள்.

ஃபிரேம் கணக்கு: 72 ஹெர்ட்ஸில் ஓட்டி, சிஸ்டம் தாங்காவிட்டால் ஸ்பேஸ்வார்ப் (இடையில் கற்பனை ஃபிரேம் செருகும் வசதி) போட்டு நிலையான 36-இல் நிறுத்துங்கள். 45-க்கும் 70-க்கும் இடையே அலைவதைவிட இது மேல். தரை வழிந்தோடும் வேகம் சீராக இருந்தால்தான் கண் அதை நம்பும். இடையில் செருகப்படும் கற்பனை ஃபிரேம்களால் புரொப்பெல்லரைச் சுற்றியும் இறக்கைத் தாங்கியின் ஓரத்திலும் படம் நெளியும். அங்கே பார்க்காமல் இருந்தால் போதும். சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் சுமையைக் குறைக்கும், ஆனால் நகரும் கருவி எண்களும் தூரத்து ரன்வேக் கோடுகளும் இழுபடும். சிஸ்டம் தாங்கினால் படத்தின் ஓரங்களை மென்மையாக்கும் டிஏஏ நல்லது.

தலைசுற்றல் வந்தால் முகத்துக்கு நேரே ஒரு ஃபேன், வயிறு முதலில் முணுமுணுக்கும்போதே கழற்றிவிடுவது. அதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

ரன்வே ஓரம்தான் அளவுகோல்

இனி முக்கியமான சங்கதி. ரன்வேயின் நடுக்கோட்டுக்கு நேராக வரும்போது இரண்டு ஓரக் கோடுகளும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓரக் கோடு அதிலிருந்து எத்தனை டிகிரி விலகிச் சாய்ந்திருக்கிறது என்பதை உங்கள் கண்ணின் உயரமும் ரன்வேயின் அகலமும் மட்டுமே முடிவு செய்கின்றன. தூரத்துக்கோ வேகத்துக்கோ ஐபிடிக்கோ அதில் பங்கில்லை. எந்த ஹெட்செட் போட்டாலும் அது மாறாது.

எங்கள் மதுரை ரன்வே 45 மீட்டர் அகலம். கண் 30 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது ஓரக் கோடு செங்குத்திலிருந்து 37 டிகிரி சாய்ந்து நிற்கும். 15 மீட்டரில் 56 டிகிரி. 6 மீட்டரில், அதாவது 20 அடியில், 75 டிகிரி. 3 மீட்டரில் 82. சக்கரம் தரையைத் தொடும்போது செஸ்னாவில் கண் சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும், அப்போது 85. அதாவது ஓரங்கள் கிட்டத்தட்டப் படுத்துவிட்டன.

எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், எப்படி விரிகிறது என்பதைக் கவனியுங்கள். செஸ்னாவை 65 நாட் வேகத்தில், 3 டிகிரி சரிவில் கொண்டுவந்தால் நிமிடத்துக்கு 345 அடி போல இறங்குவீர்கள். 30 மீட்டரிலிருந்து 15-க்கு வர 9 வினாடி ஆகும், அதில் ஓரங்கள் 19 டிகிரி விரியும். 15-லிருந்து 6-க்கு வர 5 வினாடி சொச்சம்தான், அதிலும் அதே 19 டிகிரி விரியும். ஆக விரியும் வேகம் அநேகமாக இரட்டிப்பாகிறது. ரன்வே திடீரென்று இரண்டு பக்கமும் அகலமாகி, உங்களைச் சுற்றி எழுந்து வருவது போல ஒரு உணர்வு வரும். ஃபிளேர் தொடங்க வேண்டிய நேரம் அதுதான். அமெரிக்க விமானப் பயிற்சிக் கையேடுகளில் 10 முதல் 20 அடிக்குள் தொடங்கச் சொல்வதும் இந்த இடத்தைத்தான்.

அந்த நொடியில் பார்வையை மாற்ற வேண்டும். அதுவரை கண் இலக்குப் புள்ளியில் இருந்தது: விமானத்தின் முன்கண்ணாடியில் மேலும் போகாமல் கீழும் போகாமல் ஒரே இடத்தில் நிற்கும் அந்தப் புள்ளி. இப்போது பார்வையை ரன்வேயின் மறுகோடிக்குத் தள்ளுங்கள். மூக்குக்கு நேரே கீழே பார்த்தால் தரை மங்கலாக ஓடும், பயந்து யோக்கைச் சட்டென்று இழுப்பீர்கள், விமானம் மேலே எழும்பி மிதக்கும், அப்புறம் விழும். அடிவானத்தையே வெறித்தால் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது, மூக்குச் சக்கரம் முதலில் குத்தும். மறுகோடியைப் பார்த்தபடி, ஓரங்களைக் கடைக்கண்ணில் வைத்துக்கொள்வதுதான் வழி.

ஹெட்செட்டில் இங்கே ஒரு சிக்கல். மனிதக் கண்கள் இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் சுமார் 200 டிகிரி பார்க்கும். குவெஸ்ட் 3 காட்டுவது 110. கடைக்கண்ணில் கிடைக்க வேண்டிய ஓரங்களில் ஒரு பகுதி கறுப்புச் சட்டத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. முகத்தில் படும் பஞ்சை மெல்லியதாக மாற்றிக் கண்ணை லென்ஸுக்கு நெருக்கினால் கொஞ்சம் மீளும். மிச்சத்துக்கு, ஃபிளேரில் தலையை இடது பக்கம் ஐந்து, பத்து டிகிரி திருப்பிக்கொள்ளுங்கள். எஞ்சின் மூடி உயர்ந்து முன்னால் மறைக்கும்போது இடது ஓரம் உங்கள் கையில் இருக்கும். நிஜ செஸ்னா ஓட்டுபவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

மானிட்டரில் நன்றாக இறக்கியவர்கள் விஆரில் தடுமாறுவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. மானிட்டரில் ஜூம் வைத்த அளவுக்கு ஏற்ப எல்லாம் சுருங்கியோ விரிந்தோ தெரியும். அந்தப் பொய்யான படத்தைத்தான் கண் பழகி வைத்திருந்தது. விஆரில் கோணங்கள் நிஜமானவை. பழையதை மறக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

பழகும் விதம் சொல்கிறேன். முதல் நாள் இறங்கவே வேண்டாம். 20 அடி உயரத்தில் ரன்வே முழுக்கப் பறந்து, மறுகோடியில் மேலே ஏறிவிடுங்கள். ஆல்டிமீட்டரில் விமான நிலைய உயரத்தைக் கழித்தால் உங்கள் உயரம் கிடைக்கும். 20 அடி என்றால் ஓரங்கள் எப்படி, 10 அடி என்றால் எப்படி என்று பார்த்துக்கொண்டே போங்கள். அப்புறம் ஆல்டிமீட்டரைப் பார்க்காமல் உயரத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் சரிபாருங்கள். அடுத்ததாக ஆக்டிவ் பாஸ் போட்டு விமானத்தைக் காற்றில் நிறுத்தி உயரத்தைச் சொல்லிப் பாருங்கள். நகர்ந்தபோது சுலபமாக இருந்தது, நின்றவுடன் கடினமாகிவிடும். தலையை ஒரு சாண் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் உயிர் வரும், காரணம் அருகில் உள்ளவை அதிகமாகவும் தூரத்தில் உள்ளவை குறைவாகவும் நகர்கின்றன. கடைசியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறக்குங்கள். கடைக்கு வரும் பையன்களிடம் இதைச் செய்யச் சொல்லி அனுப்பினால் அடுத்த வாரம் வந்து, "அண்ணே, வித்தியாசமே தெரியலயே" என்று ஆச்சரியப்படுவார்கள். அதற்கப்புறம் அவர்கள் ஐபிடி சக்கரத்தைத் தொடுவதில்லை.

அகலம், சரிவு, இருட்டு

ஒரே ரன்வேயில் பழகினால் கண் அந்த அகலத்துக்கு அடிமையாகிவிடும். லண்டன் சிட்டி ரன்வே 30 மீட்டர் அகலம். மதுரையில் பழகிய 75 டிகிரி படம் அங்கே 4 மீட்டரில்தான் வரும். அதுவரை காத்திருந்தால் ஃபிளேர் தாமதமாகும். டென்வரின் 16ஆர் ரன்வே 200 அடி, அதாவது 61 மீட்டர். அங்கே அதே படம் 8 மீட்டரிலேயே வந்துவிடும், சீக்கிரம் தூக்கிவிட்டு மிதப்பீர்கள். இரண்டிலும் மாறி மாறி இறங்குங்கள். டென்வர் கடல்மட்டத்திலிருந்து 5,400 அடிக்கு மேல் இருப்பதால் வேகமானியில் 65 இருந்தாலும் தரை அதைவிட வேகமாக ஓடும், அதையும் கண் பழகும். லண்டன் சிட்டியில் பாபி விளக்குகள், அதாவது இறங்கும் சரிவு சரியா என்று சிவப்பும் வெள்ளையுமாகக் காட்டும் ரன்வே ஓர விளக்குகள், 5.5 டிகிரிக்கு வைக்கப்பட்டவை. 3 டிகிரியில் வரும்போது நாலும் சிவப்பாகத் தெரிந்தால் பதறாதீர்கள்.

பிரான்ஸின் கூர்ஷவெல் ரன்வே 537 மீட்டர்தான், 18 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். ஏறிச் செல்லும் ரன்வே நீங்கள் உயரமாக இருப்பதாகப் பொய் சொல்லும், நம்பிக் கீழே இறங்கினால் மலை. இங்கே கண்ணை விட்டுவிட்டு, எந்த இடத்தில் எந்த உயரம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டு வாருங்கள்.

இருட்டில் இன்னும் மோசம். சுற்றிலும் விளக்கே இல்லாத தரையோ கடலோ இருந்து, ரன்வே விளக்கு மட்டும் தெரிந்தால், விமானி தன்னை அறியாமல் தாழ்ந்து வருவார். போயிங்கில் கான்ராட் கிராஃப்ட் 1960-களில் சிமுலேட்டரில் இதைச் சோதித்தபோது அனுபவசாலி விமானிகளே அப்படி வந்தார்கள். தரையின் பரப்பு தெரியாதபோது நான் மேலே சொன்ன எதுவும் உதவாது. ஹெட்செட்டில் எல்சிடி திரை என்றால் கறுப்பும் கறுப்பாக இருக்காது, சாம்பல் பூத்துத் தெரியும். ராத்திரி என்றால் பாபி இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. அதை மட்டும் நம்புங்கள்.

இரண்டு கண்ணும் வேண்டிய இடம்

ஸ்டீரியோவை ரொம்பக் குறைத்துப் பேசிவிட்டேனோ? அது ராஜாவாக இருக்கும் இடங்கள் உண்டு. ஹெலிகாப்டரை 2, 3 மீட்டர் உயரத்தில் நிறுத்துவது மானிட்டரில் சித்திரவதை, விஆரில் சில நாளில் கைவந்துவிடும். அதிலும் கண்ணை 15, 20 மீட்டர் முன்னால் வையுங்கள், காலடியில் வைக்காதீர்கள்.

இன்னொன்று டிசிஎஸ்ஸில் நடுவானில் எரிபொருள் நிரப்புவது. இங்கே தூரம் பத்து மீட்டருக்குள், ஆகவே இரு கண் படத்தில் ஏற்படும் சிறு பிசகும் கையில் தெரியும். அமெரிக்க விமானப் படையின் கேசி-46 டேங்கரில், அதாவது எரிபொருள் தரும் விமானத்தில், இது நிஜமாகவே நடந்தது. அதில் குழாயை இயக்குபவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பதில்லை, கேமராவும் முப்பரிமாணத் திரையும்தான். சில வெளிச்சங்களில் அந்தத் திரை ஆழத்தைத் திரித்துக் காட்டியதால் குழாய், எரிபொருள் வாங்கும் விமானத்தை உரசும் ஆபத்து எழுந்தது. 2020-இல் அந்த அமைப்பையே புதிதாக வடிவமைக்க ஒப்புக்கொண்டார்கள்.

டிசிஎஸ்ஸில் எஃப்-18 போர்விமானத்தில் பழகுபவர்கள் ஃபோர்ஸ் ஐபிடியில் தங்கள் அளவையே போட்டுக்கொள்ளுங்கள், அழகுக்காகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எரிபொருள் குழாயின் நுனியில் இருக்கும் கூடையைத் துரத்தாதீர்கள். அது ஆடிக்கொண்டேதான் இருக்கும், அதன் பின்னால் போனால் நீங்களும் ஆடுவீர்கள். டேங்கரின் இறக்கையில் ஒரு இடத்தைப் பிடித்து அது காக்பிட் கண்ணாடியில் அசையாமல் இருக்கும்படி பாருங்கள். கூடை கடைக்கண்ணில் இருக்கட்டும், அதைவிட 2, 3 நாட் மட்டும் அதிகமாக வைத்து முன்னால் நகருங்கள். தவறிப்போனால் இழுத்துத் திருப்ப வேண்டாம், நேராகப் பின்வாங்கி மறுபடி வாருங்கள்.